ஒரே சாலை, இரண்டு சட்டம்

நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் வாழும் தம் மகள் வீட்டில் ஆறு திங்கள் தங்கியிருந்து, 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊர் திரும்பினார். ஒரு ஞாயிறன்று இரண்டாம் பூசை முடிந்தபின் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்தமர்ந்தார். அந்நாட்டின் கோவில்களையும் குளிரையும் பற்றி வெகுநேரம் பேசியவர், கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சுவாமி, எனக்கு ஒரு சந்தேகம்" என்றார்.

"மாப்பிள்ளை என்னை ஆஸ்டினிலிருந்து சான் அன்டோனியோ நகருக்கு வண்டியில் அழைத்துப் போனார். ஆஸ்டின் எல்லைக்குள் இருந்தவரை கைபேசியைத் தொடவே இல்லை. எல்லை தாண்டியதும் அதைக் கையில் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். சான் அன்டோனியோ நெருங்கியதும் மீண்டும் கீழே வைத்துவிட்டார். ஏன் இப்படி என்று கேட்டேன். 'மாமா, அந்த இரண்டு ஊரிலும் அதற்குத் தடை உண்டு. நடுவழியில் பல இடங்களில் இல்லை' என்றார். இடையிலுள்ள ஊர்களில் எதிலே தடை உண்டு, எதிலே இல்லை என்று கேட்டேன். அது அவருக்கே சரியாகத் தெரியவில்லை. சுவாமி, எல்லைக் கோட்டைத் தாண்டினால் சட்டம் மாறலாம். சாவு மாறுமா?"

அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. படித்துப் பார்த்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். அவருடைய கேள்வி நம்மை விடவில்லை. நம் பங்குக் குடும்பங்களில் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அந்நாட்டில் வாழும் வீடுகள் இன்று பல. ஆகவே, படித்தறிந்தவற்றை வாசகர் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

சாலை யாருக்குச் சொந்தம்?

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றே. 1988-ஆம் ஆண்டின் அச்சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபோது, கையிலேந்திய தொடர்புச் சாதனத்தைப் பயன்படுத்திக்கொண்டு வண்டி ஓட்டுவது அபாயகரமான ஓட்டுதலில் சேர்க்கப்பட்டது. ஆகவே, ஊருக்கு ஊர் சட்டம் மாறுவது நமக்கு வியப்பாக இருக்கும்.

அமெரிக்காவின் அமைப்பு வேறு. அங்கே சாலை விதிகளை வகுப்பது பெரும்பாலும் மத்திய அரசின் பொறுப்பன்று, மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்களுக்கு இடையே ஓடும் சரக்கு வண்டிகளையும் பேருந்துகளையும் மட்டும் மத்திய அரசு நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. அவற்றின் ஓட்டுநர்கள் கைபேசியைக் கையில் பிடித்துப் பேசலாகாது என்ற மத்திய விதி 2012 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. மற்ற வண்டிகளைப் பற்றி ஐம்பது மாநிலங்களும் தனித்தனியே முடிவு செய்கின்றன.

மாநிலத்துக்குள்ளே நகரங்களுக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பது அடுத்த கேள்வி. இதில் இரண்டு மரபுகள் உள்ளன. 1868-ஆம் ஆண்டு அயோவா மாநிலத்து நீதிபதி ஜான் டில்லன், நகராட்சி என்பது மாநிலச் சட்டமன்றம் பெற்ற பிள்ளை என்றும், தாய் கொடுத்த அதிகாரமன்றி அதற்கு வேறில்லை என்றும் பொருள்படத் தீர்ப்பளித்தார். இதற்கு மாறாக, நகர மக்கள் தங்களுக்கென ஓர் ஆட்சிப் பட்டயம் வகுத்துக்கொண்டு, ஊர்க் காரியங்களைத் தாங்களே நடத்தலாம் என்பது மற்றொரு மரபு. டெக்சாஸ் 1912-இல் தன் அரசியலமைப்பைத் திருத்தி, ஐயாயிரம் பேருக்கு மேற்பட்ட நகரங்களுக்கு இவ்வுரிமையை அளித்தது. ஆனால் அதிலும் ஒரு கடிவாளம் உண்டு: நகர விதி எதுவும் மாநிலச் சட்டத்துக்கு முரணாக இருத்தலாகாது. இந்தக் கடிவாளத்தை யார், எப்போது, எவ்வளவு இழுப்பது என்பதே நாம் சொல்லப்போகும் வழக்கின் உயிர்நாடி.

சிற்றூர்கள் முந்திக்கொண்டன

வண்டி ஓட்டும்போது கைபேசியைப் பிடிக்கலாகாது என்று முதன்முதல் அந்நாட்டில் சொன்னது மத்திய அரசுமன்று, மாநில அரசுமன்று. ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரையடுத்துள்ள புரூக்ளின் என்ற சிறு நகரமே 1999-இல் அத்தடையைக் கொண்டுவந்தது. பலர் அதைக் கண்டு நகைத்தனர். ஒரு சிறு நகரம் காலத்தின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்த முயல்வதாக அவர்களுக்குத் தோன்றியது.

அதே ஆண்டு நவம்பரில் பென்சில்வேனியா மாநிலத்து ஹில்டவுன் என்ற ஊராட்சிப் பகுதியில் ஒரு துயரம் நிகழ்ந்தது. வண்டி ஓட்டிக்கொண்டே கைபேசியில் எண்களை அழுத்திக்கொண்டிருந்த ஒருவர், நிறுத்தக் குறியைக் கவனியாமல் குறுக்கே பாய்ந்து மற்றொரு வண்டியில் மோதினார். அதிலிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை இறந்தது. கைபேசியைப் பயன்படுத்தியது எந்தச் சட்டப்படியும் குற்றமாக இல்லாததால், அவருக்குச் சாதாரணச் சாலை விதி மீறலுக்கான அபராதமே விதிக்கப்பட்டது.

ஹில்டவுன் ஊராட்சி வாளாவிருக்கவில்லை. தன் எல்லைக்குள் ஓட்டுநர் கைபேசியைப் பிடிப்பதைத் தடை செய்தது. ஆனால் 2000-ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாது என்றது. சாலைப் போக்குவரத்துக்கு மாநிலமே சட்டம் வகுத்திருக்கிறது. மாநிலம் கைவைத்த பொருளில் ஊராட்சி தனியே கைவைக்க முடியாது என்பதே காரணம். அப்போது மாநிலச் சட்டத்திலோ கைபேசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை!

நியூயார்க் மாநிலத்தில் காரியம் வேறு வகையாக நடந்தது. அங்கே 2000-ஆம் ஆண்டில் சஃபோக் என்னும் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி, கையில் பிடித்துப் பேசுவதற்குத் தடை விதித்தது. அண்டைக் கவுண்டிகளும் அவ்வழியே சென்றன. விளைவு என்ன? மறு ஆண்டிலேயே மாநிலச் சட்டமன்றம் விழித்துக்கொண்டது. 2001 நவம்பர் முதல் தேதி நியூயார்க் மாநிலம் முழுவதும் தடை வந்தது. மாநிலங்களில் அதுவே முதலாவது. கீழே மூட்டிய சிறு விளக்கு மேலே ஏற்றப்பட்டது என்று சொல்லலாம்.

சிக்காகோ நகரம் 2005-இல் தடை விதித்தது; அதைத் தன்னகத்தே கொண்ட இல்லினாய் மாநிலம் அதை முழு மாநிலத்துக்கும் விரித்தது 2014-இல். இடையில் ஒன்பது ஆண்டுகள்!

டெக்சாஸ் மாநிலத்தின் கதை

இனி ஆசிரியர் கண்ட டெக்சாஸுக்கு வருவோம். 2009 முதல் அம்மாநிலத்தில் பள்ளிப் பகுதிகளில் கைபேசியைக் கையிலேந்தத் தடை இருந்தது. பதினெட்டு வயது நிரம்பாத ஓட்டுநர்களுக்கும் தடை இருந்தது. வளர்ந்தவர்கள் மற்றச் சாலைகளில் பேசலாம். செய்தியைத் தட்டச்சும் செய்யலாம். இக்குறையை நிரப்ப நகரங்கள் தாமே முன்வந்தன. ஆஸ்டின் நகரம் முதலில் செய்தி அனுப்புவதைத் தடுத்தது. பின்னர் 2015 சனவரி முதல், கைபேசியைக் கையில் எடுப்பதையே தடை செய்தது. சைக்கிளில் செல்வோருக்கும் அது பொருந்தும். சான் அன்டோனியோவும் அதே மாதத்தில் அவ்வாறே செய்தது. 2017-க்குள் ஏறத்தாழ 100 நகரங்கள் ஏதேனும் ஒரு வகைத் தடையைக் கொண்டிருந்தன. ஆனால் மாபெரும் நகரங்களான ஹூஸ்டனும் டாலஸும் பள்ளிப் பகுதிக்கு அப்பால் எதையும் செய்யவில்லை. ஆசிரியரின் மாப்பிள்ளை குழம்பியதில் வியப்பில்லை.

மாநிலம் முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று பாடுபட்டவர் டாம் கிராடிக் என்ற மூத்த சட்டமன்ற உறுப்பினர். அவர் ஆளுங்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். முன்பு பிரதிநிதிகள் சபையின் தலைவராகவும் இருந்தவர். 2011-இல் அவரது மசோதா இரு சபைகளிலும் நிறைவேறியது. அன்றைய ஆளுநர் ரிக் பெரி அதற்கு இசைவு மறுத்துவிட்டார். (அந்நாட்டில் மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர் என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்க.) வளர்ந்த மனிதரின் நடத்தையை அரசு துருவித்துருவிக் கட்டுப்படுத்தலாகாது என்பது அவர் கூறிய காரணம். 2013-இலும் 2015-இலும் மசோதா மீண்டும் வந்தது. பிரதிநிதிகள் சபையைத் தாண்டியது. செனட் சபையில் மாண்டது.

2017 மார்ச் 29-ஆம் நாள். நியூ பிரான்பெல்சு என்ற ஊரின் பாப்டிஸ்ட் கோவிலைச் சேர்ந்த முதியோர் பதினான்கு பேர், ஒடுக்கத்துக்கு ஒப்பான கூட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு சிறு பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடையே, நம் ஆசிரியர் பயணம் செய்த அதே நெடுஞ்சாலையில் உள்ள ஊர் அது. வழியில், கான்கன் என்ற இடத்துக்கருகே, இருபது வயது இளைஞர் ஒருவர் ஓட்டிவந்த வண்டி நடுக்கோட்டைத் தாண்டிப் பேருந்தின்மீது மோதியது. முதியோரில் பதின்மூவர் மாண்டனர். தாம் கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்ததாக அவ்விளைஞர் கூறினார் என்று, நேரில் கண்ட ஒருவர் தெரிவித்தார். பின்னர் நடந்த மத்திய விசாரணை, கஞ்சாவும் மருத்துவ மயக்க மாத்திரையும் அவரது நிதானத்தைக் குலைத்ததையே விபத்துக்குக் காரணமாகக் கண்டது. உண்மையை உள்ளபடி சொல்லவேண்டும் என்பதால் இதையும் குறிப்பிடுகிறோம். ஆயினும் அந்நாட்களில் மக்கள் நெஞ்சில் பதிந்தது, ஓட்டுநர் கையிலிருந்த கைபேசிதான்.

அவ்வாண்டு மசோதா இரு சபைகளையும் கடந்தது. சூன் மாதத்தில் ஆளுநர் கிரெக் அபட் கையொப்பமிட்டார். செப்டம்பர் முதல் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்குச் செல்லும் வழியில், வண்டி ஓட்டிக்கொண்டே செய்தி அனுப்பி 2009-இல் உயிரிழந்த ஒரு மாணவியின் பெயரை அச்சட்டம் தாங்கியுள்ளது.

அச்சட்டம் என்ன சொல்கிறது? ஓடும் வண்டியில் ஓட்டுநர் செய்தி படிப்பதும் எழுதுவதும் அனுப்புவதும் குற்றம். முதல் முறை 25 முதல் 99 டாலர் வரை அபராதம். மறுமுறை 100 முதல் 200 வரை. அதனால் ஒருவர் இறந்தாலோ கடுங்காயமுற்றாலோ, 4,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் கைபேசியைக் காதில் வைத்துப் பேசுவது குற்றமன்று. வழிகாட்டும் வரைபடத்தைப் பார்ப்பதும், பாட்டை மாற்றுவதும் குற்றமன்று. இங்கேதான் சிக்கல். கையில் கைபேசியோடு ஒருவரைக் காவலர் நிறுத்தினால், "வரைபடம் பார்த்தேன்" என்று அவர் சொல்லிவிடலாம். காவலர் கைபேசியை வாங்கிப் பார்க்கவும் பொதுவாக அதிகாரமில்லை. ஆஸ்டினின் விதியோ எளிமையானது: கையில் கைபேசி இருந்தால் குற்றம், அவ்வளவே.

ஆளுநருக்கு மற்றொரு மனக்குறை இருந்தது. மாநிலச் சட்டம், செய்தி அனுப்புவதைப் பற்றிய நகர விதிகளை மட்டுமே அகற்றியது. கையிலேந்துவதையே தடுக்கும் கடுமையான நகர விதிகள் எஞ்சி நின்றன. ஊருக்கு ஊர் வேறுபடும் விதிகள் ஒட்டுத்துணி போன்று இருக்கின்றன, அவற்றை முற்றிலும் நீக்கவேண்டும் என்று அவர் கருதினார். அவ்வாண்டு சூலையில் கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடரில் அதையும் ஒரு பொருளாக வைத்தார். செனட் ஒப்பியது, பிரதிநிதிகள் சபையில் அது நிறைவேறவில்லை. ஆகஸ்டில் கூட்டத்தொடர் முடிந்தது. ஆஸ்டின், சான் அன்டோனியோ விதிகள் தப்பிப் பிழைத்தன.

பென்சில்வேனியாவின் பதின்மூன்று ஆண்டுகள்

ஹில்டவுன் குழந்தை இறந்த பென்சில்வேனியாவில் என்ன ஆயிற்று? 2009-இல் பிலடெல்பியா மாநகரம், ஓட்டுநர் கைபேசியைக் கையிலேந்தலாகாது என்று விதித்தது. வேறு சில நகரங்களும் அவ்வாறே செய்தன. 2011 நவம்பரில் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. 2012 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் செய்தி அனுப்புவதை மட்டும் தடுத்தது. அதோடு நில்லாமல், இப்பொருள்பற்றிய ஊர் விதிகள் அனைத்தையும் செல்லாதவையாக்கிவிட்டது. ஆகவே முந்தின நாள்வரை பிலடெல்பியாவில் குற்றமாக இருந்த ஒன்று, மாநிலம் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்த காரணத்தாலேயே, குற்றமற்றதாகிவிட்டது!

கையிலேந்துவதை மாநிலம் முழுவதும் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ஜோஷ் ஷபீரோ 2024 சூன் 5-ஆம் நாள் கையொப்பமிட்டார். 2025 சூன் 5 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதல் பன்னிரண்டு மாதங்கள் எழுத்து மூலமான எச்சரிக்கை. அதன்பின் 50 டாலர் அபராதம். ஹில்டவுனில் குழந்தை இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. பிலடெல்பியாவின் விதி பறிக்கப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டும் உண்டு. ஒஹையோ 2012-இல் சட்டம் இயற்றியபோது, அதனினும் கடுமையான தண்டனை விதிக்கும் நகர விதிகளை அழிக்காமல் விட்டது. அரிசோனா 2019-இல் இயற்றிய சட்டம், 2021 தொடக்கத்திலிருந்து நகர விதிகளின் இடத்தைத் தான் எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே மாநிலச் சட்டமே கையிலேந்துவதை முழுதும் தடுப்பதாக இருந்ததால், குடிமக்களுக்குப் பாதுகாப்பில் குறைவு நேரவில்லை. மோன்டானா மட்டும் மாநிலச் சட்டம் எதுவுமின்றி, நகரங்களின் விதிகளையே நம்பி நின்றது. செய்தி அனுப்புவதைத் தடுக்கும் மாநிலங்கள் நாற்பத்தொன்பது; கையிலேந்துவதையே தடுப்பவை முப்பதுக்கும் மேல்.

எவர் பக்கம் நியாயம்?

இரு தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மாநிலத்தின் வாதத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். சட்டம் என்பது பொதுநலனுக்காக, சமூகத்தைப் பேணும் பொறுப்புடையவரால் வகுக்கப்பட்டு, அறிவிக்கப்பட்ட அறிவின் கட்டளை என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வரையறுத்தார். குருமடத்தில் நாம் மனனம் செய்த இலக்கணம் இது. "அறிவிக்கப்பட்ட" என்ற சொல்லில் ஆழ்ந்த பொருளுண்டு. அறியாத சட்டத்துக்கு மனிதன் எவ்வாறு கீழ்ப்படிவான்? நூறு மைல் போகுமுன் பத்து ஊர்களைக் கடக்கும் பயணி, பத்து ஊர் விதிகளையும் கற்றிருக்க முடியுமா? அறியாமையால் மீறியவனிடம் அபராதம் வாங்குவது, நீதி என்பதைவிட வருவாய் என்றே தோன்றும். ஆகவே ஒரே சீரான சட்டம் வேண்டும் என்பதில் நீதி இருக்கிறது.

நகரத்தின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1931-இல் பதினொன்றாம் பத்திநாதர் தம் சமூகச் சுற்றுமடலில் ஒரு நெறியை நிலைநாட்டினார். சிறிய சமூகம் தானே செய்து முடிக்கக்கூடிய காரியத்தைப் பெரிய சமூகம் தன்பால் பறித்துக்கொள்வது அநீதி என்பது அந்நெறி. இதைத் துணைமை நெறி என்பர். பெரியது சிறியதற்குத் துணை நிற்கவேண்டும்; அதை விழுங்கிவிடலாகாது. விபத்து நடந்த தெருவில் முதலில் ஓடி வருபவர் ஊரார். எந்தத் திருப்பத்தில் பள்ளிப் பிள்ளைகள் கடக்கின்றனர் என்பதை அறிந்தவரும் அவர்களே. தலைநகரில் கூடும் சட்டமன்றம் இதை அறிய ஆண்டுகள் பல ஆகின்றன. டெக்சாஸ் சட்டமன்றமோ இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டுமே வழக்கமாகக் கூடுவது. மசோதா ஒன்று தோற்றால் மறு வாய்ப்புக்கு இரண்டாண்டு காத்திருக்க வேண்டும். சாலையில் மரணம் அவ்வாறு காத்திருப்பதில்லை.

துணைமை நெறியைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். எல்லாவற்றையும் ஊராட்சிக்கு விட்டுவிட்டு மேலரசு கைகட்டி நிற்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. சிறியதன் ஆற்றலுக்கு மிஞ்சியதை மேற்கொள்வது பெரியதன் கடமை என்றும் அதே நெறி கற்பிக்கிறது. சாலை ஊர் எல்லையில் நிற்பதில்லை. ஆகவே மாநிலம் தலையிடுவது தகும். ஆனால் அதிகாரத்தைக் கேட்டுப் பெறுபவர் அதோடு வரும் கடமையையும் ஏற்றாக வேண்டும். "நீ காவல் காக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாசற்காவலனை அனுப்பிவிட்டு, வீட்டுக்காரர் தாமும் உறங்கப் போனால் அதை என்னவென்று சொல்வது?

நம் எளிய கருத்து இதுவே. மாநிலச் சட்டம் எல்லோருக்கும் கீழே விரித்த தளமாக இருக்கட்டும். தலைக்குமேல் அழுத்தும் கூரையாக இருக்கவேண்டாம். நகர விதிகளை நீக்கித்தான் ஆகவேண்டுமெனில், அவற்றுள் சிறந்ததற்கு நிகரான ஒன்றை மாநிலம் முதலில் தரட்டும். அரிசோனா செய்தது போலச் செய்தால், சீரான சட்டமும் கிடைக்கும், உயிர்க்காவலும் குறையாது. 2012-இல் பென்சில்வேனியா செய்தது போலச் செய்தால், சீர்மை என்ற பெயரால் காவல் குறைகிறது.

கை மட்டும் போதுமா?

இவ்வழக்கு முழுவதும் கையைப் பற்றியது. ஆனால் ஆபத்து கையில் மட்டுமா உள்ளது? 1997-இல் கனடாவின் டொராண்டோ நகரில் 699 ஓட்டுநர்களைப் பற்றிய ஓர் ஆய்வு வெளியாயிற்று. தொலைபேசியில் பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்காகிறது என்றும், கையில் பிடிக்காமல் பேசினாலும் பாதுகாப்பு மிகுவதாகத் தெரியவில்லை என்றும் அதில் கண்டனர். பின்னர் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளரும், பேசிக்கொண்டே ஓட்டுபவரின் தடுமாற்றம் சட்ட வரம்பளவு மது அருந்தியவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பானது என்று காட்டினர்.

செய்தி எழுதுவது இன்னும் கொடிது. வர்ஜினியாவில் சரக்கு வண்டி ஓட்டுநர்களைக் கருவிகள் வைத்துக் கவனித்த ஆய்வொன்று 2009-இல் வெளிவந்தது. செய்தி அனுப்பும் ஓட்டுநர் ஆறு வினாடியில் 4.6 வினாடி சாலையைப் பார்ப்பதில்லை என்று அது கூறியது. மணிக்கு 55 மைல் வேகத்தில் அந்நேரத்துக்குள் வண்டி நூறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நம் கோவில் வாசலிலிருந்து கடைத்தெருவரை கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்கு இது நிகர்.

2010 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தில், பதினோரு நிமிடங்களில் பதினொரு செய்திகளை அனுப்பியும் பெற்றும் வந்த பத்தொன்பது வயது இளைஞரின் வண்டி, முன்சென்ற சரக்கு வண்டியின்மேல் மோதியது. பின்னால் வந்த ஒரு பள்ளிப் பேருந்து அதில் மோதியது; மற்றொரு பள்ளிப் பேருந்து அந்த முதற் பேருந்தின்மேல் மோதியது. அந்த இளைஞரும் ஒரு பள்ளி மாணவியும் மாண்டனர். 38 பேர் காயமுற்றனர். அதை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அவசர நிலை தவிர ஓட்டுநர் கைபேசியை எவ்வகையிலும் பயன்படுத்தலாகாது, கையில் பிடிக்காமலும் பேசலாகாது என்று எல்லா மாநிலங்களும் சட்டம் செய்யுமாறு 2011 டிசம்பரில் பரிந்துரைத்தது. எந்த மாநிலமும் அவ்வளவு தூரம் போகவில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் ஓட்டுநரின் கவனச் சிதறலால் நேர்ந்த விபத்துகளில் மாண்டோர் 3,308 பேர். கவனச் சிதறலுக்குக் கைபேசியன்றி வேறு காரணங்களும் உண்டெனினும், சிறிய எண்ணிக்கையன்று இது.

ஆகவே மாநிலச் சட்டமும் நகர விதியும் சேர்ந்தாலும் எட்ட முடியாத ஓர் இடம் இருக்கிறது. அது ஓட்டுநரின் மனம். அங்கே காவலர் நுழைய முடியாது.

திண்ணையில் மீண்டும் ஒரு முறை

இவற்றையெல்லாம் நாம் ஆசிரியரிடம் விளக்கியபோது, அவர் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "சுவாமி, அன்று நான் உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்றார்.

ஆஸ்டினில் இருந்தபோது மாலை ஐந்தரை மணிக்கு மகள் அலுவலகத்திலிருந்து புறப்படுவாள். ஆறு மணிக்கெல்லாம் இவருக்கு இருப்புக் கொள்ளாது. சன்னலருகே நின்றுகொண்டு, "எங்கே வருகிறாய், அம்மா?" என்று கைபேசியில் கேட்பார். மகள் ஒரு நாளும் எடுக்காமல் இருந்ததில்லை. "வந்துகொண்டே இருக்கிறேன், அப்பா" என்பாள். ஆறு திங்களும் இப்படியே நடந்தது.

"மாப்பிள்ளை பேசியதைக் குற்றமாகக் கண்டேன். அவளை ஓட்டும்போது பேச வைத்தவன் நான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அப்பா கூப்பிடுகிறார் என்றால் அவள் எப்படி எடுக்காமல் இருப்பாள்?" என்றபோது அவர் கண் கலங்கியது.

அவருடைய இக்கேள்விக்கும் அந்நாட்டு நீதிமன்றம் ஒன்று விடை தேடியிருக்கிறது. நியூ செர்சி மாநிலத்தில், இளைஞர் ஒருவர் வண்டி ஓட்டியபோது தோழி அனுப்பிய செய்தியோடு ஈடுபட்டிருந்ததால், மோட்டார் சைக்கிளில் வந்த கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு காலை இழந்தனர். அனுப்பிய பெண்ணும் பொறுப்பாளியா என்ற கேள்வி எழுந்தது. 2013-இல் மேல்முறையீட்டு மன்றம், அவ்வழக்கில் அவள்மேல் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என விடுவித்தது. ஆயினும் ஒரு கொள்கையை வகுத்தது: பெறுபவர் வண்டி ஓட்டுகிறார் என்பதையும், ஓட்டும்போதே அதைப் பார்ப்பார் என்பதையும் அறிந்து ஒருவர் செய்தி அனுப்பினால், அனுப்பியவரும் பொறுப்பேற்க நேரலாம்.

துணைமை நெறியில் மாநிலத்துக்குக் கீழே நகரம்; நகரத்துக்குக் கீழே குடும்பம். மிகச் சிறிய ஆட்சி மன்றம் நம் வீடுதான். அதன் அதிகாரத்தை எந்தச் சட்டமன்றமும் பறித்ததில்லை. ஓட்டுகிறவர் எடுக்கலாகாது என்பது ஒரு விதி. ஓட்டுகிற நேரமென்று தெரிந்தால் வீட்டிலிருப்பவர் அழைக்கலாகாது என்பது அதன் மறுபாதி. முன்னதை மாநிலமோ நகரமோ வகுக்கட்டும். பின்னதை நாம் இன்றிரவே வகுத்துக்கொள்ளலாம். ஆளுநரின் கையொப்பம் அதற்குத் தேவையில்லை.

இப்போது ஆசிரியரும் அவர் மகளும் ஓர் உடன்படிக்கை செய்துள்ளனர். புறப்படுமுன் அவள் சொல்வாள். வீடு வந்து வண்டியை நிறுத்தியபின் சொல்வாள். இடையில் அவர் அழைப்பதில்லை. அந்த அரைமணி நேரத்தில் அவர் செபமாலை சொல்வதாக நம்மிடம் கூறினார்.